சில மீட்டர் உயரம் — முத்துக்கரையின் காட்சி மேடுகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

உதகைக்குத் தொட்டபெட்டா உண்டு. கோடைக்கானலுக்குத் தூண் பாறை உண்டு. குற்றாலத்துக்கு மலையும் அருவியும் உண்டு. நம் தூத்துக்குடிக்கு என்ன உண்டு? வெளியூர் நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. "கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, நின்று பார்க்க ஓர் இடம் இருக்கிறதா?" என்கிறார்கள். நம்மவர்களிலும் பலர் இதற்கு விடை சொல்ல முடியாமல் சிரித்து மழுப்பிவிடுகிறோம்.

நம் கடற்கரை தட்டையானது என்பது உண்மையே. ஆனால் தட்டையான நாட்டில்தான் சிறு மேடும் பெருமை பெறுகிறது. மலைநாட்டில் பத்து மீட்டர் உயரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். இங்கோ அந்தப் பத்து மீட்டர்தான் கடலைக் காட்டுகிறது, ஊரைக் காட்டுகிறது, ஆபத்துக் காலத்தில் உயிரையும் காக்கிறது. துறைமுக நகரிலும் அதைச் சுற்றியும் நாம் ஏறி நின்று பார்க்க வேண்டிய சில இடங்களை இக்கட்டுரையில் காண்போம். அங்கே அழகோடு நாம் கற்க வேண்டியது என்ன என்பதையும் ஆராய்வோம்.

கண்ணுக்கெட்டும் தூரம்

முதலில் ஒரு சிறு கணக்கு. கலைப்பிரிவு நண்பர்கள் அஞ்ச வேண்டாம்; பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்.

கடற்கரையில் நின்று பார்க்கும்போது வானும் கடலும் கூடுவதுபோல் தோன்றும் கோட்டைத் தொடுவானம் என்கிறோம். பூமி உருண்டை, அதன் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். நம் கண், தொடுவானப் புள்ளி, பூமியின் மையம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதைத் தீர்த்தால் எளிய வாய்பாடு ஒன்று வருகிறது. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்க வேண்டும். விடை, தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். காற்றில் ஏற்படும் ஒளிவிலகலால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

ஈர மணலில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அவருக்குத் தொடுவானம் வெறும் 4.5 கிலோமீட்டர்தான்! முடிவில்லாத கடலைப் பார்க்கிறோம் என்று எண்ணுகிறோம். பார்ப்பதோ நடந்தால் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரம். 4 மீட்டர் மேட்டில் ஏறினால் 7 கிலோமீட்டர் தெரியும். 16 மீட்டரில் 14 கிலோமீட்டர். 25 மீட்டரில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகிறது. அதாவது, முதலில் ஏறும் சில மீட்டர்களே மிக அதிகப் பலனைத் தருகின்றன. தட்டையான நம் மாவட்டத்தின் கதை முழுவதும் இந்தச் சில மீட்டர்களுக்குள் அடங்கிவிடுகிறது என்பேன்.

பழைய துறைமுகமும் ரோச் பூங்காவும்

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையில் இருந்தே தொடங்கலாம். மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ரோச் ஆண்டகையின் பெயரால் அமைந்த ரோச் பூங்காவில் விடியற்காலையில் நின்றால், கிழக்கே ஞாயிறு கடலில் இருந்து எழுவதைக் காணலாம். சற்று வடக்கே பழைய துறைமுகம். 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்து, கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையில் இருந்துதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களில் பலரும் இங்கிருந்தே கப்பல் ஏறினர்.

வழியனுப்ப வந்தவர்கள் கரையில் நின்று எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்கள்? நம் வாய்பாடு இதற்கும் விடை சொல்லும். கப்பலின் புகைபோக்கி 30 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தொடுவானம் ஏறக்குறைய 19.5 கிலோமீட்டர், நம்முடையது 4.5, இரண்டையும் கூட்டினால் 24 கிலோமீட்டர். முதலில் கப்பலின் அடிப்பாகம் மறையும், பிறகு மேல்தளம், கடைசியாகப் புகைபோக்கி. பூமி உருண்டை என்பதைப் புத்தகம் படிக்காத தாய்மார்கள் அன்று கண்ணீரோடு கண்டு தெரிந்துகொண்டார்கள்.

அருகிலேயே பனிமய மாதா பேராலயம். 1713-இல் கட்டப்பட்டு, 1982-இல் பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்ற ஆலயம் இது. இதன் கோபுரத்தை நாம் கரையில் இருந்து பார்க்கிறோம்; கடல்தொழில் செய்வோர் கடலில் இருந்து பார்க்கிறார்கள். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வருமாறு பார்த்துத் தாம் நிற்கும் இடத்தை அறிவது நம் மீனவரின் பழங்கலை. கோபுரம், மரம், மணல்மேடு எதுவும் அவர்களுக்கு அடையாளமாகும். 40 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்று, வள்ளத்தில் 2 மீட்டர் உயரத்தில் கண்ணிருக்கும் ஒருவருக்கு 27 கிலோமீட்டர் தூரத்திலும் தெரிய வேண்டும். முத்துச் சிப்பி விளையும் 'பார்'களைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிச் சென்றவர்களுக்குக் கரையே வரைபடம். இக்கரையில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். முத்து போனாலும் சங்கு குளிப்போர் இன்றும் இருக்கின்றனர். கரையைக் குறிபார்க்கும் கலையும் இருக்கிறது.

புதிய துறைமுகமும் முயல் தீவும்

நகருக்குத் தெற்கே வ.உ.சி. துறைமுகம். 1974 ஜூலை 11 அன்று இது இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இயற்கையான குடாவோ மலையரணோ இல்லாத இடத்தில், கடலுக்குள் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ நான்கு நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி அலைத் தடுப்புச் சுவர்கள் எழுப்பினர். அலையின் மேல் நிற்பது சில மீட்டர் உயரக் கல்தான். அதுவே உள்ளே நீரை அமைதியாக வைத்துக் கப்பலைக் காக்கிறது. துறைமுகத்தின் உட்பகுதிக்கு அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அருகிலுள்ள முயல் தீவுக் கடற்கரைக்கோ காணும் பொங்கலன்று மக்கள் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றுடன் வந்துவிடுவர். அங்கிருந்து கப்பல்களையும், பளு தூக்கிகளையும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் ஒருசேரக் காணலாம்.

வரும் வழியில் பேருந்தின் சன்னல் வழியே உப்பளங்களையும் பார்க்கத் தவற வேண்டாம். கோடையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், மலையில்லாத ஊருக்கு மனிதர் செய்து வைத்த மலைகள் போலத் தோன்றும். ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்கு நீர் மெல்லப் பாய வேண்டும். தரையில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் வேலை கெடும். தட்டையாக இருப்பதே இந்நிலத்தின் செல்வம் என்பதை உப்பளத் தொழிலாளி நம்மைவிட நன்கு அறிவார்.

கரையும் தீவுகள்

கரைக்கு அப்பால் மன்னார் வளைகுடாவின் தீவுகள். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையிலான 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். தூத்துக்குடிக்கு அருகில் இருப்பவை வான் தீவு, காசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குசல்லி. அனுமதியின்றி இவற்றில் கால்வைக்கக் கூடாது. கரையிலிருந்தும் கடலிலிருந்தும் பார்ப்பதோடு நிறைவடைய வேண்டும்.

விலாங்குசல்லியை இப்போது பார்க்க முடியாது. அது நீருக்குள் போய்விட்டது. காரியாச்சல்லி 1969-இல் ஏறக்குறைய 21 ஹெக்டேர் பரப்பாக இருந்தது. 2024-இல் 3 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பல ஆண்டுகள் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைத் தேவைக்கும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தனர். தீவுக்கு அலைத் தடுப்புச் சுவராக நின்றது அப்பாறைதான். துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிய நாம், தீவுக்கு இயற்கை கட்டி வைத்த சுவரை இடித்துவிட்டோம். 2015 முதல் வான் தீவைக் காக்கக் கடலுக்கடியில் செயற்கைப் பாறைத் தடுப்புகளை நிறுவி வருகிறார்கள். நாம் பார்த்த காட்சி நம் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்குமா என்பது அந்தத் தடுப்புகளைப் பொறுத்தது.

திருச்செந்தூர், மணப்பாடு

தெற்கே கடற்கரையோரமாகச் சென்றால் திருச்செந்தூர். அலை வந்து மோதும் பாறைக்கரையில் முருகன் கோயில். கிழக்கே கடல் என்பதால் இராசகோபுரம் மேற்கே அமைந்திருக்கிறது. கோயிலை ஒட்டிய மணற்பாறையில் வள்ளி குகை இருக்கிறது. அப்பாறையின் அருகே நின்று கடலைப் பார்ப்பது தனி இன்பம். மணல் இறுகிப் பாறையாகி, பாறை மீண்டும் அலையால் அரிக்கப்பட்டு மணலாவதை அங்கே ஒரே பார்வையில் காணலாம்.

இன்னும் தெற்கே மணப்பாடு. நம் கடற்கரையின் தலைசிறந்த காட்சி மேடு எதுவென்று கேட்டால், தயங்காமல் மணப்பாட்டையே சொல்வேன். இறுகிய மணற்குன்று ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது. அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகை என்று கடலைப் பார்த்த குகை ஒன்றைக் காட்டுகிறார்கள். கலங்கரை விளக்கமும் இங்கு உண்டு. குன்றின் மேல் நின்றால் ஒரு புறம் திறந்த கடல். மறுபுறம் மணல்திட்டு வளைத்துப் பிடித்த அமைதியான நீர்ப்பரப்பு. அப்பால் ஊரின் வீடுகள். மணல்திட்டின் வடிவத்தைக் காற்றும் அலையும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே மணப்பாட்டை ஒருமுறை பார்த்தவர் மறுமுறையும் பார்க்க வேண்டும். அது அதே மணப்பாடாக இராது.

தேரியும் பனையும்

உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் உள்ள செம்மணல் தேரிகளை வெளியூரார் பலர் அறியார். இரும்பு ஆக்சைடு பூசிய மணல்துகள்களே அச்செந்நிறத்துக்குக் காரணம். காற்று குவித்த மேடுகள் இவை. பனையும் முந்திரியும் உடைமரமும் வேரால் பிடித்து வைத்திருக்கும் வரைதான் ஓரிடத்தில் நிற்கும். குதிரைமொழித் தேரியின் மேட்டில் மாலை வெயிலில் நின்று பார்த்தால், நிலம் முழுவதும் தணல் பரப்பியதுபோல் இருக்கும்.

தேரியைவிட உயர்ந்த காட்சி மேடு தேரியில் நிற்கும் பனைதான். என் அம்மையைப் பெற்ற தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறியாக இருந்தவர். பருவ காலத்தில் காலையும் மாலையும் நாற்பது, ஐம்பது பனை ஏறி இறங்குவார். பாளை சீவி, கலயத்தில் ஊறிய பதநீரை இறக்குவது அவர் தொழில். சிறு வயதில் நான் அவரிடம், "மேலே இருந்து பார்த்தா கடல் தெரியுமா தாத்தா?" என்று கேட்டதுண்டு. "தெரியாம என்னலே? கப்பலும் தெரியும், மழையும் தெரியும். மழை கடல்ல இறங்குதது தெரிஞ்சா நாங்க மரத்த விட்டு இறங்கிருவோம்" என்றார்.

இப்போது கணக்கிட்டுப் பார்க்கிறேன். 16 மீட்டர் பனையின் உச்சியில் 14 கிலோமீட்டர் தெரியும். உடன்குடிக்குக் கடல் அதைவிட அருகில்தான். தாத்தா சொன்னது முற்றிலும் சரி! அவர் வாய்பாடு படித்ததில்லை. எழுதப் படிக்கவே தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அந்த உயரத்தில் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்கு அது காட்சி அன்று, வானிலை அறிக்கை. வழுக்கினால் உயிர் போகும் இடத்தில் நின்றுகொண்டு, அவர் கடலைப் படித்தார். மாடத்தில் நின்று இயற்கையை வியப்பவர்கள், வேலைக்காக ஏறி நின்று பார்த்தவர்களையும் நினைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடல் விட்டுப்போன கொற்கை

இனி உள்நாடு வருவோம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அதன் கழிமுகத்தருகே இருக்கிறது கொற்கை. பாண்டியரின் துறைமுகம், கிரேக்க நூல்களிலும் பெயர் பெற்ற முத்துநகரம். இன்று குளக்கரையில் ஏறி நின்றால் தெரிவது வாழைத் தோட்டங்களும் வயல்களும் பனைகளுமே. கடல் சுமார் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

கடலை விரட்டியது யார்? நம் ஆறுதான். ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டு வந்து கொட்டிய வண்டல், நூற்றாண்டுகளில் சில மீட்டர் உயர்ந்தது. தட்டையான கரையில் தரை சில மீட்டர் உயர்ந்தால் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கும். கொற்கையின் வாணிகம் காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் அது. பின் அங்கும் கடல் விலகியது. ஆக, கொற்கைக் குளக்கரையில் நிற்பவர் இல்லாத கடலைப் பார்க்கிறார். தூத்துக்குடிக் கரையில் நிற்பவர் இல்லாத தீவைப் பார்க்கிறார். ஓரிடத்தில் நிலம் வென்றது. மற்றோரிடத்தில் கடல் வென்றது.

ஆதிச்சநல்லூரும் ஆழ்வார்திருநகரியும்

ஆற்றின் போக்கிலே மேற்கே சென்றால் ஆழ்வார்திருநகரி, என் ஊர். நம்மாழ்வார் அவதரித்த குருகூர் இதுவே. அவர் யோகத்தில் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப் புளிய மரத்தை ஆதிநாதர் கோயிலில் இன்றும் காணலாம். மழை விட்ட காலையில் ஆற்றங்கரையில் நின்றால், மேற்கே பொதிகை நீலக்கோடாகத் தெரியும். அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். கணக்குப்படி அதன் உச்சிக்குத் தொடுவானம் 154 கிலோமீட்டர். கடல்வரை எட்டும் பார்வை அது. நாம் மலையைப் பார்ப்பதாக நினைக்கிறோம். நம் சமவெளி முழுவதையும் மலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் மேற்கே, திருவைகுண்டத்தைத் தாண்டினால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. பழந்தமிழர் தம் முன்னோரைத் தாழிகளில் வைத்துப் புதைத்த மேடு இது. 1876-இல் யாகோர் என்ற செர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் இங்கே அகழ்ந்தனர். 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்தில், தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கலாம். பரம்பின் மேல் நின்று சுற்றிலும் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கீழே வளமான வயல். மேலே கல்லும் சரளையும் நிறைந்த, பயிர் விளையாத மேடு. விளைநிலத்தைக் கெடுக்காமலும் வெள்ளம் தொடாமலும் இருக்க, மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் போலும். மேடு எது, பள்ளம் எது என்பதை அறிந்து வாழ்ந்த மக்கள் அவர்கள்.

மேடு உயிர் காத்த நாள்

அந்த அறிவு எவ்வளவு பெரியது என்பதை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் நமக்குக் காட்டின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு வானம் இறங்கி வந்தது! நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட ஒரே நாளில் அதிகம் பெய்துவிட்டது. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரில் இருந்து புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடிக்கல் அரிக்கப்பட்டதால் திருவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகளில் பலர் இரண்டு நாள் அங்கேயே சிக்கிக் கிடந்தனர். சுற்றுவட்டார மக்கள் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தனர்.

எங்கள் ஊரிலும் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மாடி உள்ள வீடுகளில் மாடியில்லாத வீட்டார் ஏறினர். சாதி, மதம், உறவு, பகை எதையும் அன்று யாரும் கேட்கவில்லை. "எக்கா, பிள்ளைய மேல தூக்கி விடுங்க" என்ற குரல்தான் கேட்டது. மொட்டை மாடியில் நின்று பார்த்தபோது, ஒவ்வொரு நாளும் நடந்த தெருக்களில் எது மேடு எது பள்ளம் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கோயில் வாசல் ஒரு உயரம். கடைத்தெரு ஒரு உயரம். ஓடைக்கரைக் குடிசைகள் அனைத்திலும் தாழ்வு. அதில் வாழ்ந்தவர்களே அனைவரிலும் ஏழைகள். மாடியில் இருந்து பார்த்த எந்தக் காட்சியும் அழகாக இல்லை. ஆனால் அதைவிட எனக்குக் கற்றுக்கொடுத்த காட்சி வேறில்லை.

முடிவுரை

நண்பர்களே! விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். விடியலில் ரோச் பூங்கா, பகலில் கொற்கையும் ஆதிச்சநல்லூரும், மாலையில் மணப்பாடு. ஒரு நாளில் முடியாவிட்டால் இரு நாள். ஏறும் இடத்திலெல்லாம் உயரத்தைக் கணித்து, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு, தெரிகிறதா என்று பாருங்கள். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023 வெள்ளத்தின் அளவு இன்னும் பல சுவர்களில் கறையாகத் தெரிகிறது. வெள்ளையடித்தால் அது மறைந்துவிடும். பத்தாண்டுகளில் நினைவும் மறைந்துவிடும். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று, வீட்டாரின் இசைவுடன் அந்தக் கறையின் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதி வைக்கலாம். தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து ஓர் ஏட்டில் பதியலாம். இயற்பியல் மாணவர் அளக்கட்டும். புவியியல் மாணவர் வரைபடம் தீட்டட்டும். தமிழ் மாணவர் முதியோர் சொல்வதை எழுதட்டும். நாளை ஒருவர் வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது, "இவ்வளவு உயர்த்திக் கட்டுங்கள்" என்று சொல்ல நம் கல்லூரியில் ஓர் ஏடு இருக்கும்.

ஒரு சுண்ணக்கட்டி, ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு. தொடங்க இவை போதும்.